எக்ஸ்ரே அக்கா வீட்டுச் செடி

எக்ஸ்ரே அக்காவின் மகள் காய்ச்சலில் இறந்துபோன மழைக்காலத்தில், அவள் படுத்திருந்த கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே சிமெண்டுத் தரையைப் பிளந்துகொண்டு ஒரு செடி முளைத்தது. அதன் இலைகள் உடம்புச் சூட்டோடு இருந்தன. காய்ச்சல் சூடு இல்லை, நன்றாக இருக்கும் பிள்ளையின் கைச் சூடு. மாடி வீடு என்பதால் கீழ்வீட்டுக்காரர் தன் கூரையில் வேர் தெரிகிறதா என்று ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தார். தெரியவில்லை. ஒழுகாதவரை தனக்கு ஆட்சேபம் இல்லை என்று சொல்லிவிட்டு இறங்கினார். அக்கா வேலைக்குக் கிளம்பும்முன் ஒரு இலையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருப்பாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர், அவள் போனபிறகு பிடித்துக்கொள்வார். ஒருவர் பிடிப்பது மற்றவருக்குத் தெரியும், ஆனால் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. அந்த இலைகள் இல்லாவிட்டால் இரண்டு பேரும் என்ன ஆகியிருப்பார்களோ தெரியாது.

அடுத்த வருடம் ஜன்னல் வழியாக ஒரு சாம்பல் நிற அந்துப்பூச்சி வந்து முட்டையிட்டது. செடி சும்மா இருக்கவில்லை. இலை முழுக்க முள்ளு முள்ளாக ரோமம் வளர்த்தது. பெரும்பாலான புழுக்கள் அதில் மாட்டிச் செத்தன. பிழைத்த சிலவற்றின் பிள்ளைகள், முதலில் ரோமத்தை மொட்டையடித்துவிட்டு அப்புறம் இலையைத் தின்றன. செடி பால் சுரந்தது. வாய் ஒட்டிக்கொண்டு புழுக்கள் செத்தன. தப்பியவற்றின் வம்சம் இலை நரம்பைக் கடித்துப் பாலை வடியவிட்டு, பொறுமையாகக் காத்திருந்து சாப்பிட்டது. செடி விஷமாகக் கசந்தது. புழுக்கள் அந்தக் கசப்பையே உடம்பில் சேர்த்துவைத்துக்கொண்டன; ஒரு குருவி புழுவைக் கொத்திவிட்டு உடனே துப்பியது, பிறகு அந்த ஜன்னல் பக்கமே தலைகாட்டவில்லை. செடியிடம் இருந்த சரக்கு அவ்வளவுதான். இலைகள் குறையத் தொடங்கின.

அப்போதுதான் அக்கா களத்தில் இறங்கினாள். சட்டைக் கம்பெனியில் அவளுக்கு செக்கிங் வேலை. பிசிறு, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. எக்ஸ்ரே என்ற பெயரே டெய்லர்கள் வயிற்றெரிச்சலில் வைத்ததுதான். அந்தக் கண்ணோடு இலை இலையாகப் புரட்டி, அகப்பட்ட புழுவையெல்லாம் மக்கில் கலக்கிய சோப்புத் தண்ணீரில் போட்டாள். மஞ்சள் புழுக்கள் முதல் வருடமே ஒழிந்தன. பச்சையாக இருந்தவை தப்பியதால் அடுத்த வருடம் எல்லாமே பச்சை. அவற்றிலும் நரம்போடு நரம்பாக ஒட்டிப் படுக்கத் தெரிந்தவைதான் மிஞ்சின. கண்ணை நம்பாமல் விரலால் தடவிப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தவை போய், இலைச் சூட்டிலேயே இருந்தவை தங்கின. கம்பெனியில் அவள் ஒதுக்கினால் பிழை குறையும். இங்கே ஒதுக்க ஒதுக்க புழுக்கள் கெட்டிக்காரர்களாகிக்கொண்டே போயின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு புழு முனகியது. கொசுச் சத்தம் அளவுதான். ஆனால் அவள் விரல் ஒரு நொடி நின்றது, அதற்குள் அது இலைக்கு அடியில் போய்விட்டது. அடுத்த தலைமுறையில் பல புழுக்கள் முனகின. எந்த முனகலுக்கு அவள் கை தயங்கியதோ அது பிழைத்தது, அதன் பிள்ளைகளில் இன்னும் தெளிவாக முனகியது பிழைத்தது. சில வருடங்களில் புழுக்கள் "அம்மா, இங்க பாரேன்" என்றன, இறந்துபோன பிள்ளையின் அதே குரலில், கடைசியில் கொஞ்சம் இழுக்கும் அதே இழுப்போடு. அக்கா சோப்புத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினாள்.

கணவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. "அது பாப்பா இல்ல. நீ எதக் கொல்லலியோ அது பொழச்சு நிக்குது, அவ்வளவுதான்."

"தெரியும்."

"இப்படியே விட்டா செடி போயிடும். அப்புறம் பாப்பா கைக்கு எங்க போறது?"

"அப்ப நீங்களே எடுத்துப் போடுங்க."

அவர் ஒன்றை எடுத்தார். அது அம்மா என்றது, அவரைக் கூப்பிடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீரில் போட்டார். அந்த வருடம் முழுக்கப் போட்டார். ஒன்றிரண்டு மட்டும் வேறு மாதிரி முனகின, அவற்றின்மேல் அவருக்குக் கை வரவில்லை. அடுத்த வருடம் செடி முழுக்க அப்பா, அப்பா என்று கேட்டது. அவரும் மக்கைக் கவிழ்த்துவிட்டார்.

கடைசியில் ஒரே ஒரு இலை மிஞ்சியது. அக்கா அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புழுக்கள் பசியில் கூப்பிட்டன. அவளே கிள்ளி வைத்தாள்; கிள்ளிய பிறகும் அது கொஞ்ச நேரம் சூடாக இருந்தது, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மழைக்கு அடிக்கட்டை திரும்பத் துளிர்த்தது, ஜன்னல் சட்டத்தில் கூடு கட்டியிருந்தவை பூச்சியாகி வந்து திரும்ப முட்டையிட்டன. சில மாதம் கை, சில மாதம் குரல் என்று அந்த வீடு பழகிக்கொண்டது. கீழ்வீட்டுக்காரரும், பிள்ளைகள் இருக்கும் வீடென்றால் சத்தம் இருக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டார்.

ஆனால் யாரும் எதையும் கொல்லாத வீட்டில் ஊமைப் புழுவும் நன்றாகவே பிழைக்கும். மற்றவை கூப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்திலும் ஊமைகள் தின்றன, கொழுத்தன, பூச்சியாகி நிறைய முட்டையிட்டன. வருடத்துக்கு வருடம் குரல் தேய்ந்தது. ஏன் என்று அக்காவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒரு வாரம் லீவு போட்டு அழுதாள். பிறகு மக்கை எடுத்துச் சோப்புத் தண்ணீர் கலக்கினாள்.

இப்போதும் அப்படித்தான் நடக்கிறது. வேலை முடிந்து வந்ததும் இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்து புழுக்களை ஒவ்வொன்றாகக் காதருகே பிடிக்கிறார்கள். கூப்பிடுவதை அவர் வாங்கி இலையில் விடுகிறார். கூப்பிடாததை அவள் உடனே போட்டுவிடுவதில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "கூப்பிடு கண்ணு, ஒரே ஒரு தடவ கூப்பிடு" என்று கெஞ்சிப் பார்க்கிறாள். அதற்குப் பிறகுதான் போடுகிறாள்.