நாற்பத்து நாலாம் எண் சட்டை

ஏழு வாரத்தில் ஏழு தோல்வி. ஆனால் கால்டர் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் ‘தோத்துட்டோம்’ என்று வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் அனுமதி கிடையாது. புதிதாக வந்த தலைமைக் கோச் டால்டன் ரூக்ஸ் முதல் கூட்டத்திலேயே அந்தச் சொல்லுக்குத் தடை போட்டுவிட்டார். ‘நேரம் பத்தல’ என்றுதான் சொல்ல வேண்டும். போன சனிக்கிழமை நாற்பத்தைந்து புள்ளி வித்தியாசத்தில் நேரம் பத்தாமல் போயிற்று.

ஊர் சும்மா இருக்குமா? அணியின் பெயரே கோவேறு கழுதைகள். முடிவெட்டும் கடையிலும் தேவாலய வாசலிலும் வேறு பேச்சே இல்லை. கோச் வீட்டுப் புல்தரையில் யாரோ ‘வீடு விற்பனைக்கு’ என்று பலகை நட்டுவிட்டுப் போனார்கள். அவர் பிடுங்கிப் போட்டார். மறுவாரம் இரண்டு முளைத்தன.

வெர்னா பிக்கெட்டுக்குத் தோல்வி பழகிப்போன விஷயம். இருபத்தாறு வருடமாக அவள் அந்த அணியின் ட்ரெய்னர். ஆடக் கற்றுக்கொடுப்பது கோச் பாடு. அடிபட்டவனுக்குக் கட்டுப் போடுவதும், இவன் ஆடலாம், இவன் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதும் வெர்னா பாடு. பழைய கோச்சோடு சேர்த்து அத்தனை பேரையும் அனுப்பிவிட்டு அவளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். வீட்டில் சிறுநீரகம் கெட்டுப் படுத்திருக்கும் கணவருக்கு மருத்துவக் காப்பீடு அவள் வேலையில்தான் ஓடுகிறது. அதனால் அந்த வருடம் அவளும் வாயை அடக்கிக்கொண்டுதான் இருந்தாள்.

அவளைப் பயம் பிடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். உடை மாற்றும் அறையில் கோல்பி ஸ்ட்ரிங்கர் ஓர் அலமாரிப் பூட்டைத் திருகிக்கொண்டு நின்றான். தடுப்பு வரிசையின் நடுத்தூண் அவன், சட்டை எண் நாற்பத்து நாலு. எதிரணிக்காரன் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிவந்தால் தலையைக் குனிந்து முட்டிச் சாய்ப்பது அவன் வேலை. அவன் திருகிக்கொண்டிருந்தது அவன் பூட்டு அல்ல.

“கோல்பி, அது டெரெல்லோட அலமாரிடா.”

“தெரியும் மிஸ் வெர்னா. சும்மா அவன வெறுப்பேத்தலாம்னு.”

சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது.

கையோடு அவனைத் தன் அறைக்கு இழுத்துப்போய்க் கணினி முன்னால் உட்காரவைத்தாள். தலையில் அடிபட்டதா என்று பார்க்கும் சோதனை அது. திரையில் சொற்கள் வரும், உருவங்கள் வரும், நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆகஸ்டில், அடிபடுவதற்கு முன்பே, எல்லாப் பையன்களுக்கும் ஒருமுறை வைத்து மதிப்பெண் எடுத்துக்கொள்வார்கள். பிறகு யாருக்காவது அடிபட்டால் மறுபடி வைத்துப் பார்ப்பார்கள். மதிப்பெண் குறைந்திருந்தால் அவன் ஆடக் கூடாது.

கோல்பி ஆகஸ்டில் நூற்றுக்கு நாற்பத்தொன்று வாங்கியிருந்தான். இன்றைக்கு நாற்பது.

“பாத்தீங்களா? நான் நல்லாத்தான் இருக்கேன்” என்று எழுந்து போய்விட்டான்.

வெர்னா அந்த நாற்பத்தொன்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டடப் பொறியியலில் வகுப்பிலேயே முதல் மாணவன், ஐந்து சொல்லை நினைவில் வைக்க முடியாமல் நாற்பத்தொன்று! இதெல்லாம் அவளுக்குத் தெரியாததா? ஒவ்வொரு ஆகஸ்டும் மூத்த பையன்கள் புதுப் பையன்களை மூலைக்குத் தள்ளிக்கொண்டு போய் ஓதுவார்கள்: “வேணும்னே தப்புத் தப்பா போட்டு வைடா. அப்பதான் பின்னாடி மண்டையில அடிபட்டாலும் மார்க்கு கொறையாது.” அதற்காகவே சந்தேகமான மதிப்பெண் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி சோதனை வைப்பது அவள் வழக்கம். இந்த வருடம் கிழிக்கவில்லை. புது கோச் மதியத்துக்குள் பட்டியல் வேண்டும் என்று வாசலில் நின்றார். புது ஆளிடம் முதல் நாளே முறைத்துக்கொள்வானேன் என்று கோல்பியின் தாளில் கையெழுத்துப் போட்டது அவள் கைதான்.

அன்று இரவு அவளால் சாப்பிட முடியவில்லை. வேலைக்கு வந்த மூன்றாம் வருடம் பார்த்த காட்சி மறுபடி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. எதிரணிப் பையன் ஒருவன் மோதி விழுந்தான், தானே எழுந்தான், தானே நடந்துபோய்ப் பெஞ்சில் உட்கார்ந்தான். தண்ணீர் கேட்டான். கோப்பையைக் கையில் கொடுத்தார்கள். கோப்பை கீழே விழுந்தது. அவன் அதற்குப் பிறகு எதுவுமே கேட்கவில்லை. பத்து நாள் முன்னால் பட்ட அடியை அவன் மறைத்திருந்தான் என்று அப்புறம்தான் தெரிந்தது. மூளையில் முதல் காயம் ஆறுவதற்குள் விழும் இரண்டாவது அடி ஆளையே கொன்றுவிடும். செத்தவனுக்கு வயது பத்தொன்பது.

புதன்கிழமை காலை கோச்சின் அறைக் கதவைத் தட்டினாள்.

“கோல்பிய நிறுத்திவைங்க கோச். அவன் தலை சரியில்ல.”

ரூக்ஸ் நாற்பது வயதுக்காரர். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. “டெஸ்ட் வெச்சீங்களா?”

“வெச்சேன்.”

“என்ன வந்துது?”

“சரியாத்தான் வந்துது. ஆனா ஆகஸ்ட் மார்க்கே பொய் மார்க்கு. எல்லாப் பசங்களும் அப்படித்தான் பண்ணுவானுங்க.”

“அந்தப் பொய் மார்க்குல யார் கையெழுத்து இருக்கு மிஸ் வெர்னா?”

பதிலுக்குக் காத்திராமல் ரூக்ஸே தொடர்ந்தார்.

“உங்க டாக்டர் என்ன சொல்றார்?”

சனிக்கிழமை மட்டும் வந்து போகும் டாக்டரிடம் முந்தின நாளே போனில் பேசியாயிற்று. எண் சரியாகத்தானே இருக்கிறது வெர்னா, நேரில் வரும்போது பார்க்கிறேன் என்று வைத்துவிட்டார். அதையும் சொன்னாள்.

“எண்ணு ஆடலாம்னு சொல்லுது, டாக்டரும் ஆடலாங்கறார், பையனும் ஆடறேங்கறான். உங்க ஒருத்தர் வயித்துல பயம்னு நான் என் நல்ல ஆட்டக்காரன உக்காத்தி வைக்கணுமா? என் பொண்ணு ஸ்கூல்லேர்ந்து அழுதுட்டு வரா மேடம். நான் ஒரே ஒரு மேட்ச் ஜெயிச்சாகணும். ஒண்ணே ஒண்ணு.”

குரலில் கோபத்தைவிட நடுக்கம்தான் அதிகம். கத்தியிருந்தால் வெர்னா பதிலுக்குக் கத்தியிருப்பாள். நடுங்குகிறவரோடு சண்டை போடாமல் வெளியே வந்தாள்.

கோல்பியிடம் இன்னொரு முறை பேசிப் பார்த்தாள். “தலைவலி இருக்காடா? வெளிச்சம் பட்டா கண்ணு கூசுதா? என்கிட்ட மட்டும் சொல்லு.”

அவன் தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் மேலே திருப்பினான். அங்கே அறைக்குக் குறுக்கே நீளமாக ஒரு துணிக்கொடி கட்டியிருந்தது. அதுவும் ரூக்ஸின் ஏற்பாடுதான். அடிபட்டு ஒதுங்கினவன் தன் சட்டையை அந்தக் கொடியில் தொங்கவிட வேண்டும், எல்லோரும் அதன் அடியில் குனிந்து போக வேண்டும். இப்போது ஆறு சட்டை தொங்கியது. அந்த ஆறு பேரில் இரண்டு பேருக்கு அடுத்த வருட ஸ்காலர்ஷிப் கிடையாது என்று கடிதம் வந்துவிட்டது.

“நான் அதுல தொங்க மாட்டேன் மிஸ் வெர்னா. ஸ்காலர்ஷிப் போச்சுன்னா எங்கப்பா கோழிப் பண்ணையிலதான் நிக்கணும் நான். தயவுசெஞ்சு விட்டுருங்க.”

வெர்னா விட்டுவிட்டாள். அவளை நான் குறை சொல்லத்தான் செய்வேன், அவளும் தன்னைக் குறை சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்த வாரம் அந்தக் கட்டடத்தில் பயப்படாத ஆள் ஒருவர்கூட இல்லை. ஒவ்வொருவரும் அடுத்தவருக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை அதிசயம் நடந்தது. கோவேறு கழுதைகள் முன்னிலையில் இருந்தார்கள். பதினேழுக்குப் பதினாலு. கிண்டலடிக்க வந்த கூட்டம் கிண்டலை மறந்துவிட்டு எழுந்து நின்று கத்தியது. கடைசிக் கால்மணி ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது கோல்பி ஒருவனை முட்டிச் சாய்த்தான். எழுந்தான். இரண்டடி நடந்தான். பிறகு எதிரணியின் பெஞ்சை நோக்கி நடக்க ஆரம்பித்தான்.

கூட்டம் அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தது. டெரெல் ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிவந்தான். வெர்னா பேச்சே வைத்துக்கொள்ளவில்லை. அவன் ஹெல்மெட்டைக் கழற்றித் தன் மருந்துப் பெட்டிக்குள் போட்டு மூடி, மூடியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆடத் துடிக்கிறவனை நிறுத்த ட்ரெய்னர்கள் கைக்கொள்ளும் பழைய வழி அது. ஹெல்மெட் இல்லாமல் யாரும் மைதானத்தில் கால்வைக்க முடியாது.

ரூக்ஸ் ஓடிவந்தார். “ஹெல்மெட் எங்க?”

“நான் உக்காந்திருக்கேனே, இதுக்குள்ள.”

“எந்திரிங்க.”

“எந்திரிக்க மாட்டேன். ஆள வெச்சுத் தூக்குங்க. டாக்டர் வந்து பாக்கற வரைக்கும் இவன் உள்ள போகமாட்டான்.”

டாக்டர் எதிர்க்கோடியில் முழங்கால் உடைந்த பையன் ஒருவனோடு இருந்தார். ரூக்ஸ் வெர்னாவின் முகத்தையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு திரும்பி நடந்தார். கோச்சை ஜெயித்துவிட்டோம் என்றுகூட வெர்னா நினைத்தாள்.

ஆட்டம் முடிய இன்னும் ஒரு நிமிடம்தான் இருந்தது. எதிரணிக்கு இருந்ததோ கடைசி வாய்ப்பு. ஆறு கஜம் தாண்டவில்லை என்றால் பந்து கழுதைகளுக்கு, ஆட்டமும் கழுதைகளுக்கு. பெஞ்சின் கடைசியில் ஒரு பையன் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு அலறினான். அவன் காலை நீவிவிட வெர்னா நாலடி தள்ளிப் போனாள். பெட்டி மூடித்தான் இருந்தது. ஆனால் நிமிர்ந்து பார்த்தபோது நாற்பத்து நாலாம் எண் மைதானக் கோட்டுக்குச் சில அடி உள்ளே நின்றது.

முழங்கால் உடைந்த அந்தச் சக ஆட்டக்காரனின் ஹெல்மெட்டை யாரோ கொண்டுவந்து பெஞ்சில் போட்டிருந்தார்கள். அதை எடுத்து மாட்டிக்கொண்டு ஓடியிருக்கிறான். அது அவன் தலைக்குப் பெரிது, தொளதொளவென்று ஆடியது. அவனுக்கு எதிரே இருபது அடியில் நூற்றிருபது கிலோ ஆள் ஒருவன் குனிந்து நின்றான்.

“கோல்பி!” என்று கத்தினாள். அத்தனை இரைச்சலில் யாருக்குக் கேட்கும்?

வெர்னா ஓடினாள். ஐம்பத்தேழு வயது, வாதம் பிடித்த இடுப்பு, ஆனாலும் ஓடினாள். கோட்டைத் தாண்டி உள்ளே கால்வைத்த அதே நேரம் பந்து கைமாறியது. அந்தப் பெரிய ஆள் கிளம்பினான். கோல்பி கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, தன்னை நோக்கி என்ன வருகிறது என்றே தெரியாதவனாக நின்றான். வெர்னா பின்னாலிருந்து அவன் சட்டைக் கழுத்தைப் பிடித்து முழு பலத்தோடு இழுத்தாள். இரண்டு பேரும் மண்ணில் விழுந்தார்கள். அந்த ஆள் வேகத்தை அடக்க முடியாமல் அவர்களைத் தாண்டிக் குதித்துப் போனான்.

தூரத்தில் எதிரணிக்காரன் எறிந்த பந்து யார் கைக்கும் எட்டாமல் தரையில் விழுந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. கோச் இரண்டு கையையும் உயர்த்தினார். பிறகு நடுவர் வெர்னாவின் காலடியில் மஞ்சள் துணியை எறிந்தார். ஆடாத ஆள் மைதானத்துக்குள் வந்ததற்குத் தண்டனை பதினைந்து கஜம். எதிரணிக்கு மறுபடி புது வாய்ப்பு. அதற்கடுத்த மூன்றாவது முயற்சியில் அவர்கள் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்துவிட்டார்கள். இருபத்தொன்றுக்குப் பதினேழு.

அதற்குள் டாக்டர் ஓடிவந்து கோல்பியின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “ஆம்புலன்ஸ்” என்று ஒரே வார்த்தை சொன்னார். ஸ்ட்ரெச்சரின் பின்னால் வெர்னா நடந்தபோது மேலிருந்து கோப்பைகள் பறந்து வந்தன. ஒன்று அவள் தோளில் பட்டுக் குளிர்பானம் முதுகில் வழிந்தது. கிழட்டுக் கழுதை என்று யாரோ கத்தினார்கள். அவள் காதில் விழுந்தது, மனதில் பதியவில்லை.

ஆம்புலன்ஸ் கதவருகே ரூக்ஸ் நின்றார். முகம் சிவந்திருந்தது. “திங்கக்கிழமை வந்து உங்க பொருளெல்லாம் எடுத்துட்டுப் போயிடுங்க” என்றார்.

“சரி கோச்.”

அப்போது கோல்பி கண்ணைத் திறந்தான். “கோச், நாம ஜெயிச்சோமா?”

ரூக்ஸ் அவன் பக்கம் குனிந்தார். “நேரம் பத்தலடா.”

கோல்பி தலையாட்டினான். அவனை உள்ளே ஏற்றிப் பட்டையை மாட்டிக்கொண்டிருக்கும்போதே மறுபடி கேட்டான், அதே ஆசையோடு, அதே குரலில்: “கோச், நாம ஜெயிச்சோமா?”

ரூக்ஸ் வெர்னாவைப் பார்த்தார். முகத்திலிருந்த சிவப்பு வடிந்துவிட்டது. ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு நாற்பது நிமிடம். சின்ன வயது ஆம்புலன்ஸ் நர்ஸ் ஒருத்தி பின்னால் வெர்னாவோடு உட்கார்ந்திருந்தாள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கோல்பி கேட்டான். வெர்னா ஒவ்வொரு தடவையும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, இல்லடா கண்ணு, தோத்துட்டோம் என்றாள். ஒவ்வொரு தடவையும் அவனுக்கு அது புதுச் செய்தி. ஒவ்வொரு தடவையும் முகம் வாடியது. ஏழாவது தடவை கேட்டபோது முன் இருக்கையில் ரூக்ஸின் தோள் குலுங்குவதை அவள் பார்த்தாள்.

ஆற்றுப் பாலம் வந்தது. பாலம் போயிற்று. இரண்டு நிமிடம் ஆயிற்று, மூன்று ஆயிற்று. கோல்பி கேட்கவில்லை.

அவன் கண் மூடியிருந்தது. வெர்னாவுக்கு அந்தப் பழைய கோப்பை விழும் சத்தம் கேட்டது. “கோல்பி” என்றாள். “டேய், கோல்பி. கேளுடா. என்னைக் கேளுடா.” உணர்வு இருக்கிறதா என்று பார்க்க நர்ஸ் அவன் மார்பெலும்பில் விரல் முட்டியை வைத்து அழுத்தித் தேய்த்தாள். ரூக்ஸ் இருக்கையில் முட்டிபோட்டுத் திரும்பி, நடுச் சாளரத்துக்குள் முகத்தை நுழைத்தார். “தம்பி, கோச் பேசறேன்டா. கேளு. ஏதாவது கேளு.”

நாலு நிமிடம்.

கோல்பி முகத்தைச் சுளித்தான். வலிக்கிறது என்பதுபோல் நர்ஸின் கையைத் தள்ளினான். கண் பாதி திறந்தது.

“கோச்” என்றான். “நாம ஜெயிச்சோமா?”

“இல்லடா” என்றார் ரூக்ஸ். அவர் கன்னமெல்லாம் ஈரம். “தோத்துட்டோம்டா. நல்லா தோத்துட்டோம். இன்னும் ரெண்டு நிமிஷம் கழிச்சு மறுபடி கேளு, என்ன? நான் இங்கேயேதான் இருக்கேன்.”

வெர்னா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, அடுத்த இரண்டு நிமிடத்தை எண்ண ஆரம்பித்தாள்.