நாற்பத்தேழாம் கட்டம்

அந்த அட்டையைக் கிழித்துப் போடச் சொன்னவன் நான்தான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

குவைத்தில், ஃபஹாஹீல் பக்கத்தில் ஒரு கட்டட சைட்டில் நான் ஃபோர்மேன். கம்பெனி கிளினிக் நர்ஸ் சப்ரீனா, கேம்ப் ஆட்களுக்காக ஒரு பாம்பு ஏணி அட்டை வரைந்து கொடுத்திருந்தாள். தண்ணீர் குடித்தால் ஏணி, தொப்பியை மறந்தால் பாம்பு. நாற்பத்தேழாம் கட்டத்தில்தான் பெரிய பாம்பு. வெயில் தாக்கி, வியர்வை நின்று, உளறுகிற ஆளின் படம். அதில் விழுந்தவனை மற்றவர்கள் தூக்கிப்போய்ப் படுக்கவைத்து, சட்டையைக் கழற்றி, தண்ணீர் ஊற்றி, அக்குளில் ஐஸ் வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆட்டம் தொடரும். தமிழன், நேபாளி, பெங்காலி எல்லாரும் "சைந்தாலிஸ்" என்று அந்த எண்ணை இந்தியில் கத்திக்கொண்டு கும்மாளம் போட்டார்கள். ரூம் முழுக்க ஈரம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சின்னப் புள்ளைக மாதிரி என்னடா இது? கிழிச்சுப் போடு" என்றேன்.

என் ரூமில் இருந்த சதீஷ்குமார் தலையாட்டிவிட்டு அட்டையை மெத்தைக்கு அடியில் ஒளித்துவிட்டான். நான் ரூமில் இல்லாத நேரமெல்லாம் ஆட்டம் நடந்திருக்கிறது.

ஜூலையில் ஒரு நாள். பதினோரு மணிக்கு மேல் வெயிலில் வேலை கூடாது. அதற்குள் கான்கிரீட்டை முடித்துவிடுகிற வெறியில் நான் தண்ணீரைக்கூடத் தொடவில்லை. பத்தரைக்கு நேபாளி தாப்பாவைத் தமிழில் திட்டினேனாம். எனக்கு நினைவில்லை. அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் சட்டையைத் தொட்டுப் பார்த்திருக்கிறான். மொடமொடவென்று காய்ந்திருந்தது.

"சைந்தாலிஸ்" என்றானாம். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒருவன் தோளைப் பிடிக்க, ஒருவன் காலைப் பிடிக்க, ஒருவன் ஐஸ் பெட்டிக்கு ஓடியிருக்கிறான்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது சப்ரீனா பக்கத்தில் நின்றாள்.

"ஆம்புலன்ஸ் வர இருவது நிமிசம் ஆச்சுண்ணே. அதுக்குள்ள அவங்களே ஒங்க சூட்ட எறக்கிட்டாங்க. இல்லாட்டி..." என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது. அதைவிட, உயிரோடு இருக்கிறோம் என்ற நிம்மதி பெரிதாக இருந்தது.

நான்காம் நாள் ரூமுக்குத் திரும்பினேன். நடுவில் அட்டை விரிந்திருந்தது. என்னைக் கண்டதும் சதீஷ்குமார் அவசரமாக மடிக்கப் போனான்.

"இருடா. நானும் வாரேன்" என்று உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் என் காய் நாற்பத்தேழில் போய் நின்றது. யாரும் கத்தவில்லை. தாப்பா தரையைப் பார்த்தான்.

"என்னடா பாக்குறீங்க?" என்று சட்டைப் பொத்தான்களைக் கழற்றினேன். "தூக்குங்கடா."