ஆரோனுக்கு வந்த புரமோஷன்

2016 டிசம்பரில் கார்ப் பந்தய ஓட்டுநர்களின் தரப்பட்டியல் வெளியானபோது ஆரோன் நெய்வேலியில், அப்பாவுக்குக் கொடுத்திருந்த குவார்ட்டர்ஸில் இருந்தான். அம்மா மரியபுஷ்பம் கிறிஸ்துமஸுக்கு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். அடுப்படி வாசலில் உட்கார்ந்து போனில் பட்டியலைத் திறந்து தன் பெயரைத் தேடினான். நாலு வருஷமாக ‘சில்வர்’ என்றிருந்த இடத்தில் ‘கோல்டு’ என்று இருந்தது. பக்கத்தை மூடிவிட்டு மறுபடி திறந்தான். மாறவில்லை.

முதல் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா கிறிஸ்துதாஸ், மகனின் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன சேதி என்று கேட்டார். கோல்டு ஆக்கிவிட்டார்கள் என்று மட்டும் சொன்னான்.

“சில்வருக்கு மேலதான கோல்டு?”

“ஆமாப்பா.”

“அப்பறம் ஏன் இப்புடி உக்காந்துக்கினு இருக்க? புரமோஷன்டா இது.”

கிறிஸ்துதாஸ் சுரங்கத்தில் கன்வேயர் பகுதியில் இருந்தார். ஒன்பது வருஷம் கான்ட்ராக்டில் கிடந்து பெர்மனென்ட் ஆனவர். அதற்குப் பிறகு ஒவ்வொரு கிரேடு ஏறவும் அவர் காத்திருந்த காத்திருப்பு வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மறுநாள் வேலைக்குப் போகும்போது பஜாரில் இரண்டு கிலோ லட்டு வாங்கிக்கொண்டு போனார். மகன் உலகப் பட்டியலில் கோல்டு என்று ஷிப்டில் இருந்த அத்தனை பேருக்கும் கையில் வைத்துக் கொடுத்தார். ஆரோன் தடுத்திருக்கலாம். அவர் துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு சைக்கிள் ஏறிய வேகத்தைப் பார்த்ததும் அவனுக்குத் தடுக்க மனசு வரவில்லை.

ஆரோன் பாலிடெக்னிக் முடித்ததும் சென்னைக்குப் பக்கத்தில் ஒரு ரேஸ் அணியின் ஷெட்டில் மெக்கானிக்காகச் சேர்ந்தவன். பிரேக் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி ஒருநாள் காரைக் கொடுத்தார்கள். அணியின் ஓட்டுநரைவிட ஒரு நொடி குறைவான நேரத்தில் சுற்றி வந்துவிட்டான். அப்படித்தான் எல்லாம் ஆரம்பித்தது. இந்தியாவில் சில வருஷம் ஓட்டிய பிறகு, மலேசியாவில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் அணிக்கு மேனேஜராக இருந்த ராமசாமி என்ற தமிழர் அவனைக் கூப்பிட்டுக்கொண்டார்.

அந்தப் பந்தயங்களில் ஒரு காரை இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். ஓட்டுநர்களை நாலு தரமாகப் பிரித்து வைத்திருந்தார்கள். கோல்டும் அதற்கு மேலுமான இரண்டு தரத்திலிருந்து ஒருவர்தான் ஒரு காரில் உட்காரலாம்; மற்றவர் சில்வரோ அதற்கும் கீழோ இருந்தாக வேண்டும். மேல்தரத்து இடங்களுக்கு ஐரோப்பாவில் பேர் வாங்கிய ஓட்டுநர்கள் வரிசையில் நின்றார்கள். அதனால் அணிகள் தேடியதெல்லாம் காகிதத்தில் சில்வராகவும் ஓட்டத்தில் கோல்டாகவும் இருக்கும் ஆளை. ஆரோன் அப்படிப்பட்ட ஆள். அவனுடைய பிழைப்பே அந்த இடைவெளியில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வருஷத்துக் கடைசிப் பந்தயத்துக்கு முன்பு ராமசாமி அவனைத் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தார். பட்டியல் போடுகிறவர்கள் ஜெயிப்பதைவிட ஒரு சுற்றுக்கு எத்தனை நொடி என்பதைத்தான் பார்க்கிறார்கள். முடிந்தவரை அடக்கி ஓட்டு என்றார். தலையாட்டிவிட்டுத்தான் போனான். ஆனால் கூட ஓட்டியவர் மழையில் காரைச் சுழலவிட்டு ஆறாவது இடத்தில் கொண்டுவந்து கொடுத்தார். மழை விட்டிருந்தது. தடத்தில் ஈரம் காய்ந்த கோடு ஒன்று மெல்லியதாகத் தெரிந்தது. அந்தக் கோட்டைப் பிடித்ததும் அவனுக்குப் பட்டியலும் நினைவில்லை, ராமசாமியும் நினைவில்லை. நாற்பது நிமிஷம் ஓட்டினான். அன்றைக்கு எல்லாத் தரத்திலும் அவனுடைய சுற்றுதான் அதிவேகம். கோப்பையைத் தூக்கிய படத்தில் அவனுக்குப் பின்னால் ராமசாமி மட்டும் சிரிக்காமல் நின்றார்.

பொங்கலுக்குள் அணியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. சில்வர் இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். ஆரோன் எட்டு அணிகளுக்கு எழுதினான். தரத்தைத் திரும்பக் குறைக்கச் சொல்லி மேல்முறையீடு செய்தான். இரண்டு வரியில் மறுப்பு வந்தது. இரண்டு வருஷத்தில் மூன்று பந்தயமாவது சுமாராக ஓட்டியிருந்தால் தாமாகவே குறைப்பார்கள் என்று விதியில் இருந்தது. சுமாராக ஓட்டவும் ஒரு கார் வேண்டுமே.

அடுத்த ரேஸ் எப்போது என்று டவுன்ஷிப்பில் பார்க்கிறவர்களெல்லாம் கேட்டார்கள். சர்ச்சில் பங்குத்தந்தைகூடக் கேட்டார். மார்ச் மாதம் அப்பாவிடம் சொல்லிவிட்டான். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“புரமோஷன் குடுத்துட்டு வேலைய புடுங்கிக்குவானா?”

“அங்க அப்புடித்தான்பா.”

“யூனியன்ல சொல்ல முடியாதா?”

அங்கே யூனியன் கிடையாது என்றான். கிறிஸ்துதாஸ் அந்த வாரம் முழுக்க, கேட்கிறவர்கள் கண்ணில் படாமல், வேலைக்கு வேறு வழியாகச் சுற்றிப் போனார்.

பதினெட்டு மாதம் கழித்து ராமசாமி கூப்பிட்டார். தாய்லாந்தில் ஒரு சின்ன அணியின் ஓட்டுநருக்குக் கை முறிந்திருந்தது. மூன்று பந்தயத்துக்கு ஆள் வேண்டும், கார் பழையதுதான். இதைப் பயன்படுத்திக்கொள், இந்தத் தடவையாவது அடக்கி ஓட்டு, வருஷக் கடைசியில் சில்வர் ஆகிவிடுவாய், நான் இடம் பார்த்து வைக்கிறேன் என்றார்.

இந்தத் தடவை ஆரோன் மறக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் இருபது மீட்டர் முன்னாலேயே பிரேக்கை மிதித்தான். கார் பழையதானாலும் சொன்ன பேச்சைக் கேட்கிற கார். இன்னும் போ என்று அது அவனைத் தள்ளிக்கொண்டே இருந்தது. பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் பக்கவாட்டில் முந்திப் போகும்போது, வழிவிட்டதற்கு நன்றியாகக் கையைத் தூக்கிக் காட்டினான். ஆரோன் ஹெல்மெட்டுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டான். திரும்பி வந்து இறங்கியபோது மெக்கானிக்குகள் அவன் முகத்தைப் பார்க்காமல் டயர்களை உருட்டிக்கொண்டு போனார்கள். அதுபோல் மூன்று பந்தயமும் ஓட்டி முடித்தான்.

2018 டிசம்பர் பட்டியலில் அவன் பெயருக்கு நேராக சில்வர் என்று வந்தது. ராமசாமிக்கு உடனே போன் போட்டான். பத்து நாள் பொறுக்கச் சொன்னார். பதினைந்தாம் நாள் அவரே அழைத்தார்.

“நான் பேசாத ஆள் இல்ல, ஆரோன். எல்லாரும் தாய்லாந்து நேரத்தத்தான் எடுத்து வச்சிக்கிட்டு பேசுறாங்க. முப்பத்திரண்டு வயசாச்சு, ஆள் முடிஞ்சுபோச்சுங்குறாங்க.”

“வேணும்னுதான் அப்புடி ஓட்டுனேன்னு சொல்லலியா?”

“அத எப்படிச் சொல்றது? சொன்னா தடை போட்டுருவாங்க. உனக்கும் எனக்கும்.”

அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. ஆரோனும் கூப்பிடவில்லை.

பிப்ரவரியில் கிறிஸ்துதாஸ் ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு பக்கத்து ஊரான வடக்குத்தில் கட்டிய சின்ன வீட்டுக்குப் போனார்கள். சாமான்களை ஏற்றிய வேனை ஆரோன்தான் ஓட்டினான். கோப்பைகள் ஒரு அட்டைப்பெட்டியில் இருந்தன. அவற்றை எங்கே வைப்பது என்று அம்மா கேட்டாள். பரண்மேல் போடச் சொன்னான்.

ஒருநாள் மத்தியானம், வாசலில் முருங்கைக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்த அப்பா நிமிராமலே கேட்டார்.

“தாய்லாந்துல மெதுவா ஓட்டுனியே. தெரிஞ்சேதான் ஓட்டுனியா?”

“ஆமாப்பா.”

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். “நாங்க பாத்துக்கினு இருந்தோம்டா போன்ல,” என்றார். “ஒனக்கு ஒடம்புக்கு என்னமோன்னு ஒங்கம்மா அழுதுட்டா.”

அவர் மறுபடி குனிந்து மண்ணை இழுக்க ஆரம்பித்தார். மன்னிப்பு மாதிரியும் இல்லை, கோபம் மாதிரியும் இல்லை.

ஏப்ரலில், தெரிந்தவர் ஒருவரின் சிபாரிசில், சுரங்கத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் கான்ட்ராக்ட் ஜீப்புக்கு டிரைவர் வேலை கிடைத்தது. ஆபீஸில் இருந்தவர் முன்பு என்ன ஓட்டிக்கொண்டிருந்தாய் என்று கேட்டார். கார் என்றான். டாக்ஸியா, சொந்த வண்டியா என்றார். ஆரோன், அடுத்தவங்க வண்டி என்றான். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டு சாவியை மேஜைமேல் வைத்தார். வெளியே ஜீப்பில் ஆறு பேர் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தார்கள். வண்டி கிளம்பிச் சாலைக்கு வருவதற்குள் நாலு பேர் தூங்கிவிட்டார்கள்.