தும்தும் வீடு

மேடையில் பாட்டுக்காரி வந்து நிற்பாள், கை தட்டுவார்கள். டிரம்ஸ்காரர் வேர்க்க விறுவிறுக்க அடிப்பார், அதற்கும் தட்டுவார்கள். பின்னால் ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டி, கீழ்ச்சுரம் வாசிக்கும் பேஸ் கிட்டாரோடு ஒரு மனுஷன் நாற்பத்திரண்டு வருஷமாக நின்றாரே, அவரை யார் கண்டார்கள்? இதை நினைத்தாலே அவருடைய மகளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவருக்கு வராது. "பாட்டு நல்லாருக்குன்னு சொன்னாங்கல்ல? அதுல நானும்தானே இருக்கேன்?" என்பார். அத்தோடு சரி.

பதினெட்டு வயதில் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர், ஒருநாள் எதிர்க் கடை ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாராம். பாட்டுக்கு அடியில் யாரோ நடந்துபோவது கைக்குத் தெரிந்ததாம். அன்று பிடித்த பைத்தியம்தான். ஹோட்டல், கப்பல், கல்லூரி விழா, ஒலிப்பதிவுக்கூடம் என்று போகாத இடமில்லை. காய்ச்சலோடு வாசித்தார், நகம் பெயர்ந்தும் வாசித்தார். ஒருநாள்கூடத் தாமதமாகப் போனதில்லை. இதையெல்லாம்விட மகள் வியப்பது வேறொன்றை. பாட்டுக்காரி நடுவில் வரியை மறந்துவிட்டால், அவள் வந்து சேரும்வரை இவர் ஒரே துண்டைச் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டிருப்பார். சபையில் ஒருத்தருக்கும் தெரியாது. மேடையை விட்டு இறங்கியபிறகு அவளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். எத்தனை பேருக்கு வரும் இந்தக் குணம்?

வீட்டில் பழகும்போது பாட்டு அவருடைய ஹெட்ஃபோனுக்குள் ஓடும். மற்றவர்களுக்கு வெறும் தும்தும். "இந்தச் சத்தம் போதாதா, ரேடியோ வேற வேணுமா?" என்று அம்மா ரேடியோவும் வாங்கவிடவில்லை. வினை அங்கேதான். ஏழு வயதில் மகள் பள்ளிப் பாட்டுப் போட்டியில் மேடை ஏறினாள். அப்பா குழுவின் கப்பல் பாட்டைப் பாடப்போவதாகச் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "தும்... தும்தும்... தூம்" என்று தொடங்கி கடைசிவரை அதையே பாடினாள். பாவம், அவளுக்குத் தெரிந்த கப்பல் பாட்டு அதுதானே! பள்ளிக்கூடமே விழுந்து விழுந்து சிரித்தது.

அழுது வீங்கிய கண்ணோடு வந்தவளைப் பார்த்து அப்பா சிரிக்கவில்லை.

"எங்கயாவது தாளம் தப்பினியா?"

"இல்லப்பா."

"நடுவுல கீழ இறங்குமே, அந்த இடம்?"

"அதையும் சரியாத்தான் பாடினேன்."

"அப்ப நீதாண்டி ஜெயிச்சே."

ஒரு வாரம் அவரோடு அவள் பேசவில்லை. படிப்பு முடியும்வரை அவளுக்குத் தும்தும் என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. அதன்பிறகு யார் முன்னாலும் அவள் வாய் திறந்து பாடியதில்லை.

போன வருஷம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. கால் தேறிவிட்டது, இடது கை மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்துத்தானா பாட்டுக்காரி விடைபெறும் நிகழ்ச்சி வரவேண்டும்? கடைசிப் பாட்டு கப்பல் பாட்டு. குழுத்தலைவர் போன் செய்தார். "அண்ணே, நீங்க முன் வரிசையில உக்காந்து கேளுங்க. பேஸை கீபோர்டுலயே பாத்துக்கலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

வந்த கோபத்தில் மகள் போனைப் பிடுங்கி நாலு கேள்வி கேட்டிருப்பாள். அப்பா நிதானமாகச் சொன்னார்: "ஒத்திகையில ஒரே ஒரு தடவை வாசிக்கிறேன். தடுக்குச்சுன்னா நானே எந்திரிச்சுப் போயிடுறேன்."

எந்தக் கையால் வாசிப்பாராம்? மறுநாள் காலையில் பதில் கிடைத்தது. கப்பல் பாட்டுக்கு முக்கியமாக வேண்டியது நாலே சுரம். நாலு கம்பியையும் அந்த நாலு சுரத்துக்கு முறுக்கி வைத்துவிட்டார். இடது கை எதையும் அழுத்த வேண்டியதில்லை, வலது கை மீட்டினால் போதும். அறுபத்தெட்டு வயதில் என்ன மூளை! சிக்கல் ஐந்தாவது சுரத்தில்தான். நடுவில் கீழே இறங்குகிற இடம். அதற்கு வலது கையைக் கிட்டார் முனைக்குக் கொண்டுபோய், கம்பியின் திருகைத் தளர்த்தி, திரும்பி வந்து மீட்டவேண்டும். ஒரு மாதம் பழகினார். பத்துக்கு ஏழு தடவை கை பிந்தியது. அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த மகள் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.

ஒத்திகை அறையில் மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். பாட்டு தொடங்கியது. தும்... தும்தும்... தூம். டிரம்ஸ்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எல்லாம் அந்த இடம் வரைக்கும்தான். அப்பாவின் கை திருகுக்குப் போனது. அடியில் ஓடிக்கொண்டிருந்தது சட்டென்று நின்றது. பாட்டுக்காரி தடுமாறினாள். தலைவர் நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினார்.

"தும்... தும்தும்..."

யார் பாடுவது என்று மகளே ஒரு கணம் திகைத்தாள். முகம் சுட்டது, ஏழு வயதில் கேட்ட பள்ளிக்கூடத்துச் சிரிப்பெல்லாம் காதில் கேட்டது. கேட்டால் கேட்கட்டும்! அதே துண்டை இன்னொரு சுற்று பாடினாள். டிரம்ஸ்காரர் அதைப் பிடித்துக்கொண்டு கூடவே சுற்றினார். பாட்டுக்காரி தலையாட்டிக்கொண்டு காத்திருந்தாள். அவசரமில்லை, அப்பா வந்து சேரட்டும். மூன்றாவது சுற்றில் அவர் கை திருகிலிருந்து திரும்பியது. தூம் என்று அந்தக் கீழ்ச் சுரம் விழுந்தபோது தரை அதிர்ந்தது. அப்போதுதான் மகள் வாயை மூடினாள்.

பாட்டு முடிந்தது. பாட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து அப்பாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்காக எத்தனை தடவை இப்படிச் சுத்தியிருக்கீங்க! எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க?"

அப்பா மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்கயாவது தாளம் தப்பினேனாப்பா?"

"இல்லடி."

தலைவர் தொண்டையைச் செருமினார். "சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு அஞ்சு மணிக்கெல்லாம் வந்துடுங்கண்ணே."

"வந்துடுறோம்," என்றார் அப்பா. "ரெண்டு நாற்காலி போட்டு வை."