மூக்கையும் சேர்த்து

கொள்கைக்காக உயிரைக் கொடுக்கும் மனிதர் நூற்றாண்டுக்கு ஒருவர்தான் பிறக்கிறார். அவர் நம் கட்டடத்தில், அதுவும் ஐந்தாவது மாடியில் வாழ்ந்தார் என்பது நம் தலைமுறைக்கே கிடைத்த பேறு என்று வாசித்துவிட்டு, குடியிருப்போர் சங்கச் செயலாளர் தாளைத் திருப்பினார். பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி கழுவும் தேதிகள் இருந்தன. மறுபடி முன்பக்கம் திருப்பினார்.

“இதுவரைக்கும்தாங்க எழுதியிருக்கேன். எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு” என்றாள் மகள்.

மருந்துக்கடைக் கவுண்டரில் பதினாறு வருஷம் நின்றவள். எதிரே நிற்பவர் எதைக் கேட்டாலும் முதலில் தலையாட்டிவிட்டு அப்புறம் தேடுவது அவள் வழக்கம். வேலைக்குக் கிளம்பும்போது தோளில் மாட்டிய கைப்பையைக் காலையிலிருந்து இன்னும் கழற்றவில்லை. கழற்ற வேண்டும் என்று தோன்றியது. கைதான் போகவில்லை.

கொள்கைக்காக அப்பா கொடுத்தது, சரியாகச் சொன்னால், லிஃப்டைத்தான். காலை ஏழு நாற்பதுக்குப் பால் பாக்கெட்டோடு வந்தவர் முன்னால் லிஃப்ட் கதவு திறந்தது. கீழே வண்டியை நிறுத்திவிட்டு ஏறிவந்த நாலாவது மாடி ஜிம் மாஸ்டர் உள்ளே வெறும் முகத்தோடு நின்றிருந்தார். அப்பா ஒன்றும் பேசவில்லை. லிஃப்டுக்குள் தன் கையெழுத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பை விரலால் சுட்டிக்காட்டினார். ‘முகக்கவசம் கட்டாயம். மூக்கையும் சேர்த்து.’ பிறகு திரும்பிப் படியேறினார். மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில், ஒன்பதாவது படியில் உட்கார்ந்தார். பால் பாக்கெட்டைப் பத்திரமாகப் பக்கத்தில் வைத்திருந்தார்.

இரண்டாவது மாடி டாக்டர் இதயம் என்றார். நோய் இருக்கிறதா என்று மூக்கில் குச்சியை விட்டுப் பார்த்தார். இல்லை. அதனால் மூன்று மணிவரை உடலை வீட்டில் வைத்திருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். மூக்கில் குச்சி விடுவதற்குக் கவசத்தைக் கொஞ்சம்தான் கீழே இறக்கினார். மீசை வரைக்கும். அவள் அவர் விரலையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

செயலாளர் தொண்டையைக் கனைத்தார். “ஒரு சின்ன விஷயம். ரெண்டரை மணிக்குக் கீழ கார் நிறுத்துற இடத்துல வச்சு இதைப் படிக்கலாம்னு இருக்கோம். அப்போ அந்த மாஸ்க்கை மட்டும் எடுத்துட்டா, எல்லாரும் கடைசியா ஒரு தடவை முகத்தைப் பார்த்துக்குவாங்க. நாலு மாசமா யாரும் அவர் முகத்தையே பார்க்கல பாருங்க. நம்ம குரூப்ல போட ஒரு படமும் எடுத்துக்கலாம்.”

“மாஸ்க் இருக்கட்டும்.”

“ஒரே நிமிஷம்தான்.”

“வேண்டாம். இருக்கட்டும்.”

செயலாளர் அவளைப் பார்த்தார். அவர் கண்கள் மெல்லக் கலங்கின. “புரியுதுங்க” என்றார். “செத்தும் விதியை மீறாத மனுஷன்.” சொன்ன வாக்கியம் அவருக்கே பிடித்துப்போனது. பேனாவை எடுத்துத் தண்ணீர்த் தொட்டித் தேதிகளுக்கு மேலே எழுதிக்கொண்டார்.

அவர் போனதும் அவள் அப்பாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போட மறந்தாள்.

கட்டிலில் அப்பா நேராகப் படுத்திருந்தார். வெள்ளைக் கவசம், மூக்கையும் சேர்த்து. அவள் கடையிலிருந்து கொண்டுவந்த டப்பாவில் கடைசிக்கு முந்தையது. ஒன்று மிச்சமிருக்கும் என்று நினைத்தாள். இதை ஏன் இப்போது நினைக்கிறோம் என்றும் நினைத்தாள். இரண்டும் ஒரே கனத்தில் இருந்தன.

முப்பத்தோரு வருஷம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர் அப்பா. எந்த வண்டி எந்த மேடையில், எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று ஊரே அவர் வாயால்தான் தெரிந்துகொண்டது. ஓய்வு பெற்ற பிறகு ஒலிபெருக்கி போனதே தவிரக் குரல் போகவில்லை. உப்பு கொஞ்சம் கம்மி என்பதைக்கூட மூன்று மாடிக்குக் கேட்கும்படிதான் சொல்வார். கட்டடத்தில் அவருக்கு ‘ஒலிபெருக்கி’ என்றே பெயர். நேரில் சார், முதுகுக்குப் பின்னால் ஒலிபெருக்கி.

நோய் வந்த புதிதில், கவசம் கட்டாயமா இல்லையா என்று சங்கத்தில் முதல் கூட்டம் நடந்தபோது, எதிர்த்துப் பேசிய முதல் ஆள் அவர்தான். “என் வீட்டுக்குப் போற லிஃப்ட்ல நான் எதுக்கு வாயைப் பூட்டிக்கிட்டு வரணும்?” என்று முக்கால் மணி நேரம் முழங்கினார். ஜிம் மாஸ்டர் கைதட்டினார். தீர்மானம் தோற்றது.

பத்து நாளில் ஆள் தலைகீழாக மாறிவிட்டார். மூன்றடுக்குக் கவசத்தோடு வந்து இரண்டாவது கூட்டத்தைக் கூட்டச் சொன்னார். எச்சில் துளி எவ்வளவு தூரம் பறக்கும், லிஃப்டுக்குள் காற்று எவ்வளவு நேரம் தங்கும் என்று அடுக்கினார். அத்தனையும் சரியான தகவல். டாக்டரே எழுந்து நின்று ஆமோதித்தார். தீர்மானம் ஒரு ஓட்டில் நிறைவேறியது. நிறையப் படித்துத் தெளிந்துவிட்டார் என்று கட்டடமே மெச்சியது. பேச்சு மட்டும் முன்போல் தெளிவாக இல்லை, எழுத்துகள் காற்றாகக் கசிகின்றன என்று யாரோ சொன்னதற்கு, கவசத்துக்குள் பேசினால் அப்படித்தான் கேட்கும் என்று செயலாளர் விளக்கம் கொடுத்தார்.

நடுவில் நடந்தது இதுதான்: அப்பாவின் மேல்வரிசைப் பல்செட்டு வாஷ்பேசினில் விழுந்து இரண்டாகப் போயிற்று.

பல் கட்டும் கடைகள் எல்லாம் மூடிக்கிடந்த நேரம். அப்பா செருப்பு ஒட்டும் பசையால் அதை ஒட்டினார். கண்ணாடி முன் நின்று ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ என்று சொல்லிப் பார்த்தார். ‘கனிவான’ வருவதற்குள் மறுபடி இரண்டு துண்டு. அன்று முதல் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டார். துண்டுகளைக் கைக்குட்டையில் சுற்றி, இருமல் மிட்டாய் டப்பா ஒன்றில் போட்டு அவளிடம் கொடுத்தார்.

“கடை திறந்ததும் குடுத்துடு. யார்கிட்டயும் சொல்லாதே. அத்தைகிட்டயும்தான்.”

மருந்துக்கடையைத் தாண்டி, தினமும் அவள் தேநீர் வாங்கப் போகும் வழியில்தான் அந்தக் கடை இருந்தது. தினமும் சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார். “திறந்துட்டானா?”

“இல்லப்பா.”

சரி என்று தலையாட்டிவிட்டு அறைக்குள் போய்விடுவார். அப்புறம் காலைவரை வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது. நாற்பத்தோரு வயதில் முதல்முறையாக அவளுக்குச் சுவர்க் கடிகாரத்தின் ஓசை கேட்டது.

கைப்பையைத் திறந்தாள். ரசீதுகளுக்கும் சீப்புக்கும் அடியில் டப்பா இருந்தது. மூடி கொஞ்சம் துருப்பிடித்திருந்தது. கைக்குட்டையைப் பிரித்து, ஒரு துண்டை இடது கையிலும் ஒரு துண்டை வலது கையிலும் வைத்துக்கொண்டாள். வாய் மூடியே இருக்கப்போகிறது. உள்ளே வைத்துவிட்டால் இரண்டு துண்டா ஒரு துண்டா என்று யாருக்குத் தெரியும்? பிறகு வேண்டுமானால் செயலாளர் படம் எடுத்துக்கொள்ளட்டும். கவசத்தின் நாடாவை ஒரு காதிலிருந்து விடுவித்தாள்.

நாலு மாதமாகப் பார்க்காத வாய். மேலுதடு உள்ளே மடிந்து, யாரோ பெரியவர் ஒருவருடைய வாயாக இருந்தது. அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. மருந்து அட்டையில் காலாவதித் தேதி தேடுவதைப்போலக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது.

அத்தை. அப்பாவின் அக்கா. அவருக்கு வயது எழுபத்தெட்டு; இரண்டு பேருந்து மாறி வந்திருந்தார். பூப்போட்ட துணிக் கவசம், அதற்கு மேலே ஆவி படிந்த மூக்குக்கண்ணாடி.

“பாப்பா” என்றார். அவள் கையைப் பார்த்தார். தம்பியின் வாயைப் பார்த்தார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டுவிட்டு வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“உடைஞ்சு போச்சா?”

அவள் தலையாட்டினாள்.

“எப்போ?”

“நாலு மாசம் ஆச்சு அத்தை. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னாரு.”

“சொல்ல மாட்டான். ஊருக்கே வண்டி வர்ற நேரம் சொன்னான், தன் பல்லு போன நேரத்தைப் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லல. உங்கம்மா கல்யாணமாகி ஆறு வருஷம் கழிச்சு என்கிட்ட வந்து கேட்டா, ‘அண்ணி, இது கட்டுன பல்லா’ன்னு. நான் என்னத்தைச் சொல்ல? எங்க குடும்பத்துல முப்பத்தஞ்சு தாண்டி ஒருத்தருக்கும் சொந்தப் பல்லு நின்னதில்ல.”

அத்தை தன் கவசத்தைத் தாடைக்கு இறக்கினார். மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

“இந்த மாஸ்க் வந்ததுலேர்ந்து நான் பல்லையே போடறதில்ல. ஈறு என்ன சுகமா இருக்கு தெரியுமா? கட்டாயத்தை எடுத்துட்டா என்ன பண்றதுன்னுதான் எனக்குக் கவலை.”

அவளுக்குச் சிரிப்பு வரும்போல இருந்தது. வரவில்லை. வேறு ஒன்றும் வரவில்லை.

இருவருமாக முயன்றார்கள். இடது துண்டு உட்கார்ந்தது. வலது துண்டு நழுவியது. வலது உட்கார்ந்தால் இடது நழுவியது. “அவனை இம்சை பண்ணாதே, விடு” என்றார் அத்தை. துண்டுகளைக் கைக்குட்டையில் சுற்றி அப்பாவின் சட்டைப் பைக்குள் வைத்தாள். அத்தை அவருடைய கன்னத்தை ஒருமுறை தடவிவிட்டு, நாடாவைக் காதில் மாட்டினார்.

“மூக்கை மூடு. இல்லன்னா எழுந்து சண்டைக்கு வருவான்.”

பிறகு, சாதாரணமாகக் கேட்டார். “ஏன் பாப்பா, ஒட்டக் குடுக்கலையா?”

“கடை திறக்கல அத்தை.”

“ஆமா, என்னத்தைத் திறந்தானுங்க” என்றார் அத்தை.

ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் நுழையவில்லை. செங்குத்தாக நிறுத்திப் பார்க்கலாமா என்று செயலாளர் கேட்டார். படி வழியாகவே இறக்கினார்கள். முன்பக்கத்தை ஜிம் மாஸ்டர் பிடித்துக்கொண்டார். இரண்டு கவசம் போட்டிருந்தார், ஒன்றின் மேல் ஒன்று. ஒன்பதாவது படியில் நின்று மூச்சு வாங்கினார்.

“அக்கா, நான் ‘வாங்க சார்’னுதான் கூப்பிட்டேன். சத்தியமா. மாஸ்க் பையில இருந்துச்சு, எடுத்துப் போட்டிருப்பேன். அதுக்குள்ள திரும்பிட்டாரு.”

“பார்த்து இறங்குங்க, தம்பி” என்றாள்.

கீழே பத்துப் பேர், தரையில் வரைந்த வட்டத்துக்கு ஒருவராக நின்றார்கள். செயலாளர் வாசித்தார். ‘செத்தும் விதியை மீறாத மனுஷன்’ என்ற இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகத்தைப் பார்க்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அப்புறம் வட்டங்களில் நின்றபடியே ஒரு தீர்மானம் போட்டார்கள். மாதக் கடைசியில் முடிவதாக இருந்த லிஃப்ட் கட்டாயம், அன்னாரின் நினைவாக, நோய் ஒழியும்வரை நீடிக்கும். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம். எல்லாரும் தூக்கினார்கள். ஜிம் மாஸ்டர் இரண்டு கையையும் தூக்கினார். அத்தை வெளியாள், ஓட்டு கிடையாது, அவரும் தூக்கினார்.

சவ வண்டியில் இரண்டு பேர்தான் ஏறலாம் என்றார் ஓட்டுநர். அவளும் அத்தையும் ஏறினார்கள். அப்பாவின் கால் பக்கம் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். வண்டி மெதுவாகப் போயிற்று. அவள் தினமும் நடந்து போகிற தெரு. பூட்டிய ஜவுளிக்கடை, பாதி ஷட்டர் இறக்கிய பேக்கரி, மருந்துக்கடை. மருந்துக்கடை வாசலில் அவள் முதலாளி வெளியே வந்து கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“நாலு மாசமா கஞ்சிதான் குடிச்சானா?” என்று கேட்டார் அத்தை.

“ரசம் சாதம். நல்லா மசிச்சு.”

“பாவம்” என்றார் அத்தை, ஜன்னல் பக்கம் திரும்பி. மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி. அவருக்கு வெளியே ஒன்றும் தெரிந்திருக்காது.

சிக்னலில் வண்டி நின்றது. இடதுபுறம் பல் கட்டும் கடை. உள்ளே விளக்கு எரிந்தது. கடைக்காரர் கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவளை அடையாளம் கண்டு, தினமும் செய்வதுபோல, லேசாகத் தலையசைத்தார்.

கடை திறந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.