தேவகுமார் வீட்டை விட்டுப் போகாத ஓணம்

பாறசாலைக்கு மேற்கே தேவகுமாரின் வீட்டுக்கு அந்த ஆண்டு ஓணம் ஜூலையிலேயே வந்துவிட்டது. டிசம்பர் பிறந்தும் போகவில்லை. யாரும் இடாத அத்தப்பூக் கோலம் விடியும்போது முற்றத்தில் விரிந்து கிடந்தது. சமையலறைத் தகர டப்பாவில் ஏத்தங்காய் உப்பேரி, அந்த நேந்திரங்காய் வறுவல், எடுக்க எடுக்க நிறைந்தது. அடுத்த வீட்டில் கொட்டிய மழை அவர் கூரைக்கு மேல் வந்ததும் ஆவணி வெயிலாகிவிடும். ஊரார் முதலில் வேடிக்கை பார்க்க வந்தார்கள்; பிறகு துணி காயப்போட வந்தார்கள். வீட்டுக்காரர்களும் பழகிவிட்டார்கள். பழகாதவர் பெருங்கடவிளை ஞானையன் ஒருவர்தான். தேவகுமாரின் மகள் பின்சியை அவருடைய மகன் ஜிஜோவுக்குப் பேசி, ஜனவரியில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. சர்ச் சபைச் செயலரான ஞானையன், கிறிஸ்தவ வீட்டில் ஓணமா என்று மாதம் ஒருமுறை வந்து சண்டை போட்டார். கை மட்டும் உப்பேரித் தகரத்தை விட்டு எழவில்லை.

"கிறிஸ்துமசுக்கும் முற்றத்துல அத்தப்பூ கிடந்தா இந்தக் கல்யாணம் நடக்காது, சொல்லிட்டேன்," என்றார் கடைசியாக, வாய் நிறைய மென்றபடி.

பின்சி அன்று சாப்பிடவில்லை. அம்மா ஜெயபாய் தட்டை மூடிவைத்தாள். "நீரு என்ன செஞ்சு வச்சிருக்கீரு? ஜூலையில அந்த வரிக் கணக்க போன்ல அனுப்பின மறுநாளாக்கும் பூ வந்தது," என்றாள் கணவரிடம்.

தேவகுமார் நெய்யாற்றின்கரைக்குப் போய், வரிக் கணக்குகள் தாக்கல் செய்து கொடுக்கும் ஷீனாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் வேலை பார்க்கும் கையுறைக் கம்பெனி, முந்தைய ஆண்டின் ஓண போனஸையும் சம்பளத்தோடு சேர்த்துக் காட்டி வரி பிடித்திருந்தது. தாத்தா காலத்திலிருந்தே மிஷன் சபைக் குடும்பம். கொண்டாடாத பண்டிகையின் போனஸ் எப்படி வருமானமாகும் என்று அவர் ஜூலையில் கணக்கு அனுப்பும்போது அதைக் கழித்துவிட்டார். வரியில் கொஞ்சம் திரும்பியும் வந்திருந்தது.

ஷீனா சிரித்தாள். "அண்ணா, எந்தப் பண்டிகைக்குத் தந்தாலும் போனஸ் சம்பளமாக்கும். ஓணத்த கைநீட்டி வாங்கிட்டு, வாங்கலேன்னு எழுதினா அது எங்க போகும்? உங்க வாசல்லதான் நிக்கும். திருத்தி அனுப்ப டிசம்பர் முடியற வரைக்கும் நேரம் உண்டு."

போனஸைச் சேர்த்துத் திருத்திய கணக்கை அங்கேயே அனுப்பி, திரும்பி வந்த பணத்தை வட்டியோடு கட்டினார். வீடு வந்தபோது முற்றம் வெறும் மணலாக இருந்தது. கூரை மேல் டிசம்பர் குளிர் இறங்கியிருந்தது. பின்சி இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். பார்வையிட வந்த ஞானையன் முற்றத்தைச் சுற்றி வந்து திருப்தியோடு உட்கார்ந்தார். கை பழக்கத்தில் தகரத்துக்குள் போய், வெறுமையாகத் திரும்பியது. "தீர்ந்து போச்சா?" என்று தகரத்தைக் கவிழ்த்துப் பார்த்தார்.

கல்யாணம் சிறப்பாக நடந்தது. பஸ் கம்பெனி ஒன்றில் மேலாளராக இருக்கும் ஞானையன் அடுத்த ஜூலையில், சம்பந்தியிடம் கேட்டறிந்தபடி ஓண போனஸைக் கழித்து, தன் வரிக் கணக்கைத் தானே அனுப்பினார். மறுநாள் முதல் பெருங்கடவிளையில் அவர் முற்றத்தில் அத்தப்பூ விழுகிறது. சபையார் கேட்டால், "டிசம்பர் வரைக்கும் நேரம் உண்டுல்லா," என்று தகரத்தை அவர்கள் பக்கம் நகர்த்துகிறார். பின்சி மாமனார் வீட்டு ஈரத்துணிகளை அங்கேயே காயப்போடுகிறாள்.