கொடியில் தொங்கிய ஸ்வெட்டர்

...அதைப் போய்த் துவைத்திருக்கிறாளே இந்தப் பெண், அதுவும் ரேஷன் சோப்பைப் போட்டு, கொடியில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு தொங்குகிறது அந்தச் சாம்பல் நிற ஸ்வெட்டர், லிங்கன்ஷயர் காற்று வேறு உள்ளே புகுந்து ஆள் இருப்பதுபோல் காட்டுகிறது... நான் ஒன்றும் வேவு பார்க்கவில்லை, என் சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம் பார்த்து இருந்தால் நான் என்ன செய்ய? விமானத்தளத்துப் பையன்கள் பறக்கும்போது போடும் உடுப்பைத் தங்களுக்கு விதித்த பறப்புகள் எல்லாம் முடியும்வரை தண்ணீரில் நனைக்க மாட்டார்கள், துவைத்தால் போன விமானம் திரும்பாதாம், இந்த ஊர்க் கோழிகளுக்கும் தெரிந்த சமாச்சாரம், ஆனால் பக்கத்து வீட்டு வின்னி பர்மிங்ஹாமிலிருந்து புதிதாக வந்தவள். நேற்றுச் சாயங்காலம் நான் எட்டிப் பார்ப்பதற்குள் அது வாளிக்குள் போயிருந்தது. ஸ்வெட்டருக்குச் சொந்தக்காரன், அவள் புருஷன் டெஸ்மண்ட் கத்தப்போகிறான் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். "நாத்தம் தாங்கலங்க, அதான்..." என்றாள். "விடு வின்னி, ஜெர்மன்காரன் மோப்பம் புடிச்சுத்தான் சுட்டுக்கிட்டிருந்தான், இனி திண்டாடட்டும்" என்று சிரித்தான். சிரிப்பு கொஞ்சம் நீண்டுதான் போயிற்று. கொஞ்ச நேரத்தில் அது இல்லாமலே தளத்துக்குக் கிளம்பினான்.

இருபத்தொரு வயது, ஹல் நகரத்துக் கசாப்புக்கடைக்காரர் பிள்ளை, பப்பில் குடித்துவிட்டுச் சைக்கிளில் வீடு வருவதற்குள் வாய்க்காலில் விழுந்து எழுந்திருப்பான், அவனை நம்பி நான்கு எஞ்சின் குண்டு விமானத்தையும் ஆறு பேர் உயிரையும் கொடுத்திருந்தார்கள், அதை மட்டும் தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல் இறக்குவானாம்... "மிசஸ் ஹாபர்ட், வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருப்பீங்களா?" என்றுதான் பால்காரர் ஆர்த்தர் இன்று ஆரம்பித்தார், "டெஸ்மண்ட் விமானம் எரிஞ்சு கடல்ல விழுந்துச்சாம், பின்னால வந்தவங்க பாத்திருக்காங்க, யாரும் குதிக்கல." என் வாய் என்ன சந்தைக்கடையா என்றேன், அவர் பாலை ஊற்றினார். செய்தி சொல்லப் பாதிரியார் கார் வரும், துக்கம் கேட்க ஊரே வரும், கொடியைப் பார்த்து எவளாவது உளறுவாள், அப்புறம் இந்தப் பெண் ஆயுசு முழுக்க... வேலியைத் தாண்டினேன், இந்த முழங்காலோடு, ஈர ஸ்வெட்டரை உருவிக் கோட்டுக்குள் திணித்தேன், வீட்டுக்குத் திரும்புவதற்குள் கார் வந்து நின்றுவிட்டது, அப்படியே வின்னி வீட்டுக்குள் போனேன்.

பாதிரியார் செய்தியைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வின்னி அழவில்லை, எனக்கு டீ ஊற்றுகிறாள், நான் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறேன், ஸ்வெட்டர் ஈரம் வயிற்றில் சில்லென்று இறங்குகிறது. "மிசஸ் ஹாபர்ட், அதத் துவைக்கக் கூடாதாமே?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரு சொன்னா?" "அவர் கிளம்பினப்புறம் ரொட்டிக் கடையில பேசிக்கிட்டாங்க." அப்படியென்றால் ராத்திரி முழுக்க, என் சுவருக்கு அந்தப் பக்கம், இதை மனசில் வைத்துக்கொண்டா உட்கார்ந்திருந்தாள், நான் குறட்டை விட்டுக்கொண்டு... "அதெல்லாம் பசங்க கட்டிவிட்ட கத கண்ணு, யாரு நம்புவா?" என்றேன். என் கோட்டு நுனியிலிருந்து தரையில் சொட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப ஏன் அத எடுத்தீங்க?"

அவளுக்காகத்தான் எடுத்தேன், அவளுக்காகத்தான்... கொடியில் அதைப் பார்த்ததும், பால்காரர் வருவதற்கு முன்பே, இனி அவன் திரும்பமாட்டான் என்று முதலில் நினைத்தவள் நான்தானே?